பத்தாயிரம் வளைவுகளின் பந்தயம்

மத்தியதரைக் கடலுக்கு நடுவே ஒரு மலைத்தொடர் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் கோர்சிகா. நெப்போலியன் பிறந்த தீவு. வடக்கிலிருந்து தெற்குக்கு 180 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அதற்குள்ளேயே 2,706 மீட்டர் உயர மோந்தே சிந்தோ நிற்கிறது; நம் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம் கூடுதல் உயரம். இப்படிப்பட்ட தீவில் நேரான சாலைக்கு இடம் ஏது? ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், இரண்டுக்கும் நடுவில் மலையின் மடிப்புகளை ஒட்டியே வளைந்து வளைந்து போகும் குறுகலான தார்ச்சாலைகள். சில இடங்களில் பள்ளத்தின் ஓரம் முழங்கால் உயரக் கல்சுவர் இருக்கும். பல இடங்களில் அதுவும் இருக்காது.

இந்தச் சாலைகளில் 1956-இல் ஒரு கார்ப் பந்தயம் பிறந்தது. பெயர் தூர் த கோர்ஸ், அதாவது கோர்சிகாவைச் சுற்றிவருதல். ‘பத்தாயிரம் வளைவுகளின் ராலி’ என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. தார்ச்சாலை ராலி எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது, எங்கே அடிபட்டது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு பந்தயத்தைப் பின்தொடர்ந்தாலே போதும். மான்டி கார்லோ இதைவிட மூத்தது, 1911-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் அங்கே பனியும் உறைநீரும் பாதி முடிவை எழுதிவிடும். கோர்சிகாவில் தீர்ப்பு சொல்வது தாரும் வளைவும்தான்.

பிறந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1955-இல் லமான் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இத்தாலியில் ஊர்களின் ஊடாகவே சீறிப்பாய்ந்த மில்லே மில்யா, 1957 விபத்தோடு பந்தயமாக நின்றுபோனது. பொதுச்சாலையில் கார்கள் முட்டிமோதி ஓடும் காலம் ஐரோப்பாவில் முடிந்துகொண்டிருந்தது. ராலியின் அமைப்பு வேறு. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டுக் கிளம்பும். ‘ஸ்டேஜ்’ என்று பிரித்த சாலைத் துண்டுகளை மூடிவிட்டு, கடிகாரத்தோடு மட்டுமே போட்டி. எதிராளி கண்ணுக்குத் தெரியமாட்டான். அந்த அமைப்பினால்தான் மலைச்சாலையில் வேகமாக ஓட்டும் கலை பிழைத்தது.

1956 நவம்பரில் நடந்த முதல் பந்தயத்தை வென்றவர் ஒரு பெண். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜில்பெர்த் திரியோன். பக்கத்து இருக்கையில் வழி சொன்னவரும் பெண்தான். ஓட்டிய வண்டி ரெனோ தோஃபின்: பின்பக்கம் 845 சிசி எஞ்சின் வைத்த, சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் சின்னக் கார். அந்த ஆண்டுதான் சந்தைக்கே வந்திருந்தது. பலமான வண்டியை நேர்ச்சாலையில் விரட்டலாம். கோர்சிகாவில் நேர்ச்சாலை இல்லையே. மலை ஏறி இறங்கும்போது சட்டென்று திரும்பும், சட்டென்று நிற்கும், மெலிந்த வண்டிக்குத்தான் அங்கே மதிப்பு. இந்தப் பாடத்தைக் கோர்சிகா முதல் நாளே சொல்லிவிட்டது என்பேன். அடுத்த அறுபது ஆண்டுகளில் அதை மறந்தவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தது.

1964 முதல் 1966 வரை தொடர்ந்து மூன்று முறை வென்றது ரெனோ 8 கோர்டினி. நீல வண்ணம், மேலே வெள்ளைப் பட்டை, பெட்டி போன்ற உருவம். பார்த்தால் பந்தய வண்டி என்றே தோன்றாது. ஆனால் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அந்த அளவுக் காரில் அது அன்றைக்குப் புதுமை. அதில் 1965-இல் வென்ற பியேர் ஒர்சினி கோர்சிகாக்காரர். உள்ளூர்ச் சாலையை உள்ளங்கைபோல் அறிந்தவர். பள்ளத்துப் பக்கம் இறங்கும்போது பிரேக் சூடேறிக் கைவிடாமல் இருப்பதே பாதி வெற்றி.

ஒரு வளைவை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். இறக்கத்தில் இடதுபுறம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு. சாலை நடுவில் கூனலாக உயர்ந்து, ஓரங்களில் சரிந்திருக்கிறது. ஓட்டுபவர் வலது ஓரத்தை உரசியபடி வருகிறார். டயருக்கும் கல்சுவருக்கும் இடையே ஒரு சாண் இருந்தால் அதிகம். பிரேக் மிதித்ததும் எடை முழுக்க முன்சக்கரங்களுக்கு வந்துவிடுகிறது, பின்பக்கம் இலேசாகிறது. அந்தக் கணத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பி, ஹேண்ட்பிரேக்கை ஒரு இழுப்பு இழுக்கிறார். பின்சக்கரம் வழுக்கி வண்டி அப்படியே சுழன்று மூக்கை இறக்கத்தின் பக்கம் திருப்புகிறது. உடனே ஆக்ஸிலரேட்டர். இரண்டு மூன்று விநாடியில் காரியம் முடிந்தது. அடுத்த வளைவு வந்தாயிற்று. மண் சாலையில் வண்டியைச் சறுக்கவிட்டு ஓட்டலாம், கொஞ்சம் தவறினாலும் மண் மன்னிக்கும். தாரில் கொண்டை ஊசியைத் தவிர வேறெங்கே சறுக்கினாலும் நேரம் போகும், டயர் தேயும். தார்ச்சாலை ஓட்டம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வேகத்துக்காக எல்லோரும் வளைவின் உள்ளோரத்தை வெட்டிக்கொண்டு போவார்கள். முதலில் போகும் கார் வெட்டும்போது ஓரத்து மண்ணும் கல்லும் தாரின்மேல் வந்து விழும். பத்தாவதாக வருபவருக்கு அது தார்ச்சாலை அல்ல, கோதுமை கொட்டிய தரை. அதனால், மேல்மண்ணைக் கூட்டிப் பெருக்க வேண்டிய மண் ராலியில் முதலில் கிளம்புவது சாபம் என்றால் தார் ராலியில் அதுவே வரம்.

இதையெல்லாம் ஓட்டுபவருக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கோ-டிரைவரின் வேலை. 1955 மில்லே மில்யாவில் ஸ்டெர்லிங் மோஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த டெனிஸ் ஜென்கின்சன், வழியின் குறிப்புகளை நீண்ட தாள்சுருளில் எழுதி, பெட்டிக்குள் வைத்துச் சுருட்டிச் சுருட்டிப் படித்துச் சைகை காட்டினார். அந்தப் பழக்கம் ராலியில் வேரூன்றி, ‘பேஸ் நோட்’ என்ற கலையாக வளர்ந்தது. பந்தயத்துக்கு முன்பு மெதுவாக அதே சாலையில் போய், ஒவ்வொரு வளைவுக்கும் எண் கொடுத்து எழுதிக்கொள்வார்கள். “இடது நாலு, முப்பது, வலது ரெண்டு, வெட்டாதே, உள்ளே கல்” என்று ஹெல்மெட்டுக்குள் இருக்கும் மைக்கில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். மற்ற ராலிகளில் நேர்ச்சாலை வந்தால் மூச்சு வாங்கலாம். கோர்சிகாவில் அந்த அவகாசம் அநேகமாகக் கிடைக்காது. குரல் ஒரு விநாடி பிந்தினால் ஓட்டுபவர் குருடர். இப்போதெல்லாம் தார் ராலிகளில் ஒவ்வொரு அணிக்கும் இன்னொரு ஜோடி முன்னோடியாகப் போய், எந்த வளைவில் ஈரம், எதில் மண் என்று பார்த்து நோட்டைத் திருத்தித் தருகிறார்கள்.

உலக ராலி சாம்பியன்ஷிப் 1973-இல் தொடங்கியபோது கோர்சிகா அதன் கடைசிச் சுற்று. முதல் மூன்று இடங்களும் ஆல்பின் ஏ110 கார்களுக்கே. தியெப் நகரத்து ஷான் ரெதெலே ஆல்ப்ஸ் மலைப் பந்தயங்களில் ரெனோ ஓட்டிப் பெற்ற மகிழ்ச்சியால் தன் நிறுவனத்துக்கே அந்த மலையின் பெயரை வைத்தவர். அவருடைய ஏ110-க்கு ஃபைபர் கிளாஸ் உடல், பின்னால் எஞ்சின், மிகத் தாழ்வான உருவம். தயாரிப்பாளருக்கான முதல் உலகப் பட்டமும் ஆல்பினுக்குத்தான் போனது.

மறு ஆண்டே அதை முந்த ஒரு வண்டி வந்தது: லான்சியா ஸ்ட்ராட்டோஸ். வீதியில் ஓடும் காரை ராலிக்கு மாற்றுவதுதான் அதுவரை வழக்கம். லான்சியாவின் சேசரே ஃபியோரியோ அதைத் தலைகீழாக்கினார். முதலில் ராலி வண்டி, பிறகு விதிக்காக வீதிக்கென்று கொஞ்சம். ஃபெராரி தீனோவின் 2.4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். இரு அச்சுகளுக்கிடையே 2,180 மில்லிமீட்டர் மட்டுமே. பல சின்னக் கார்களைவிடவும் குறைவு. முன்கண்ணாடி அரைவட்டமாகப் பக்கவாட்டிலும் சுற்றிவரும். காரணம் அழகு மட்டும் இல்லை. கொண்டை ஊசி வளைவில் ஓட்டுபவர் பார்க்க வேண்டியது வண்டியின் மூக்குக்கு நேராக அல்ல, பக்கத்தில். கதவின் உட்புறத்தில் ஹெல்மெட் வைக்க ஒரு பெரிய குழிவு. மலைச்சாலைக்காகவே சிந்தித்துச் செய்த வண்டி என்பதற்கு அந்த ஹெல்மெட் குழிவைவிடச் சான்று எனக்கு வேண்டாம். 1974-இல் அந்த்ருவே, 1975-இல் தர்னிஷ், 1976-இல் முனாரி என்று கோர்சிகாவை வரிசையாக வென்றது. தயாரித்த நிறுவனம் அதைக் கைவிட்ட பிறகும், பிரெஞ்சு இறக்குமதியாளர் ஒருவரின் அணிக்காகப் பெர்னார் தர்னிஷ் 1981-இல் அதே ஸ்ட்ராட்டோஸில் மீண்டும் வென்றார். அவருக்கு அது ஆறாவது வெற்றி. பிற்பாடு திதியே ஒரியோல் மட்டுமே அந்த எண்ணிக்கையை எட்டினார்.

1981 ராலி உலகத்தையே புரட்டிப் போட்ட ஆண்டு. ஆடி குவாட்ரோ நான்கு சக்கரங்களுக்கும் சக்தி கொடுத்தது. பனியிலும் மண்ணிலும் யாராலும் அதைத் தொட முடியவில்லை. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோ ராலியில் மிஷேல் மூத்தோன் குவாட்ரோவில் வென்று, உலகச் சாம்பியன்ஷிப் சுற்று ஒன்றை வென்ற முதல் பெண் ஆனார். கோர்சிகாவில் திரியோன் வென்று கால் நூற்றாண்டு கழித்து! ஆனால் காய்ந்த தாரில் குவாட்ரோவின் எடையும் முன்பக்கக் கனமும் இழுத்துப் பிடித்தன. 1982-இல் ஷான் ரஞோத்தி பின்சக்கரத்தால் ஓடும் ரெனோ 5 டர்போவில் வென்றார். 1983-இல் பின்சக்கர லான்சியா 037 முதல் நான்கு இடங்களையும் வாரிக்கொண்டது. ஆடி கோர்சிகாவை ஒருபோதும் வெல்லவே இல்லை.

பிறகு வந்தது பயங்கரம்.

குரூப் பி என்ற விதிமுறை, 200 கார் மட்டும் செய்தால் போதும் என்றது. சக்திக்கு வரம்பு ஏறக்குறைய இல்லை. நிறுவனங்கள் ஆண்டுக்கு ஆண்டு குதிரைத்திறனை ஏற்றின. சாலை மட்டும் அதே சாலை, அதே சுவர், அதே மரங்கள். 1985 மே 2 அன்று இத்தாலியர் அத்திலியோ பெத்தேகாவின் லான்சியா 037 மரத்தில் மோதியது. அவர் அங்கேயே இறந்தார். கோ-டிரைவர் மவுரித்சியோ பெரிசினோத் தப்பினார். வண்டியின் எண் 4.

அடுத்த ஆண்டு லான்சியா கொண்டுவந்தது டெல்டா எஸ்4. 1.8 லிட்டருக்கும் குறைவான எஞ்சினில் டர்போவும் சூப்பர்சார்ஜரும் சேர்த்து, 900 கிலோ எடைக்கு ஏறக்குறைய 480 குதிரைத்திறன். ஓட்டியவர் ஹென்றி தொய்வோனென், ஃபின்லாந்துக்காரர், வயது 29. அவர் பிறந்ததும் இந்தப் பந்தயம் பிறந்த அதே 1956-இல். தந்தை பௌலி 1966 மான்டி கார்லோவை வென்றவர். மகனும் 1986 ஜனவரியில் மான்டி கார்லோவை வென்றுவிட்டுத்தான் கோர்சிகாவுக்கு வந்திருந்தார். உடல் நலமில்லை, காய்ச்சல். ஆனாலும் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். மே 2. பெத்தேகா இறந்து சரியாக ஒரு வருடம். 18-ஆவது ஸ்டேஜ், கோர்த்தே முதல் தவெர்னா வரை. ஒரு இடது வளைவு. வெளிப்பக்கம் தடுப்பு இல்லை. வண்டி நேராகப் பள்ளத்துக்குள் போய், மரங்களில் மோதித் தலைகீழாக விழுந்தது. பெட்ரோல் தொட்டிகள் இருக்கைகளுக்கு அடியிலேயே இருந்தன. தீ. என்ன நடந்தது என்று கிட்டே நின்று பார்த்தவர் யாரும் இல்லை. ஆட்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கருகிய குழாய்ச் சட்டகம் மட்டுமே மிச்சம். தொய்வோனெனும் அவருடைய கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்தோவும் இறந்துபோனார்கள். அந்த வண்டியின் எண்ணும் 4.

அந்த ஆண்டு மார்ச்சில்தான் போர்ச்சுகலில் ஒரு கார் பார்வையாளர்கள்மேல் பாய்ந்து மூன்று பேர் இறந்திருந்தார்கள். கோர்சிகா விபத்து நடந்து சில மணி நேரத்துக்குள் சர்வதேச மோட்டார் விளையாட்டுச் சம்மேளனத்தின் தலைவர் ஷான்-மாரி பலேஸ்த்ர் அறிவித்துவிட்டார்: அடுத்த ஆண்டு முதல் குரூப் பி கிடையாது. லான்சியா மற்ற வண்டிகளை விலக்கிக்கொண்டது. பெஜோ 205-இல் ப்ரூனோ சபி வென்றார், கொண்டாட யாருக்கும் மனம் இல்லை. விதியைப் பலேஸ்த்ர் எழுதினாலும், அந்த முடிவை எடுக்க வைத்தது கோர்சிகாவின் சாலை என்றே நான் நினைக்கிறேன். வண்டி சாலையைத் தாண்டிப் போய்விட்டது. சாலையை யாராலும் அகலப்படுத்த முடியாது, ஆகவே வண்டியைத்தான் குறைக்க வேண்டியிருந்தது. அதற்கு இத்தனை உயிர் விலை ஆகியிருக்க வேண்டியதில்லை. பெத்தேகாவின் சாவு ஒன்றே எச்சரிக்கையாகப் போதும்.

அடங்கிய விதிகளோடு கோர்சிகா தன் பழைய குணத்துக்குத் திரும்பியது. மற்ற ராலிகளை நான்குசக்கர லான்சியா டெல்டா அள்ளிக்கொண்டிருந்தபோது, 1987-இல் பெர்னார் பெகன் பின்சக்கர பிஎம்டபிள்யூ எம்3-இல் வென்றார். அந்த வண்டியைத் தயார்செய்தது அன்றைக்கு அதிகம் பேர் அறியாத ப்ரோட்ரைவ்; பின்னாளில் சுபாருவோடு சேர்ந்து உலகமே அறிந்த அணி. மறு ஆண்டு ஒரியோல் பின்சக்கர ஃபோர்டு சியராவில். பிறகு டெல்டாவே கோர்சிகாவையும் பிடித்துக்கொண்டது. அதற்குப்பின் டொயோட்டா, எஸ்கார்ட், சுபாரு என்று நான்குசக்கரக் காலம்.

ஆனாலும் கோர்சிகா ஒரு கடைசி ஆச்சரியத்தை வைத்திருந்தது. 1990-களில் பிரெஞ்சு நிறுவனங்கள் ‘கிட் கார்’ என்ற வகையில் வண்டிகளை உருவாக்கின. முன்சக்கர ஓட்டம், டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சின், பெரிய உலகச் சாம்பியன்ஷிப் கார்களைவிட இருநூறு கிலோவுக்கும் அதிகமாக எடை குறைவு. மண்ணில் தவிக்கும், ஆனால் தாரில் ஒட்டிக்கொள்ளும். 1999-இல் ஃபிலிப் புகால்ஸ்கி சித்ரோயேன் க்ஸாரா கிட் காரில் முதலில் ஸ்பெயினின் கத்தலோனியா ராலியையும் பிறகு கோர்சிகாவையும் வென்று, பெரிய வண்டிக்காரர்களின் வாயை அடைத்தார். இரண்டு சக்கரங்களால் மட்டும் ஓடும் கார் உலகச் சுற்று ஒன்றை முழுதாக வென்றது அதுவே கடைசி. தோஃபின் கற்றுக்கொடுத்த பாடம் நாற்பத்துமூன்று ஆண்டு கழித்தும் செல்லுபடியானது.

2000-இல் காலின் மெக்ரேயின் ஃபோர்டு ஃபோகஸ் பள்ளத்தில் விழுந்து தலைகீழாகக் கிடக்க, உள்ளே சிக்கிய அவரை மீட்கவே வெகுநேரம் ஆனது. கன்ன எலும்பு முறிந்திருந்தது. அடுத்த சான் ரெமோவுக்கு வந்து நின்றார். குரூப் பி வண்டியில் இதே விபத்து நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது, பதினான்கு ஆண்டுகளில் பாதுகாப்புக் கூண்டும் பெட்ரோல் தொட்டியும் எவ்வளவு மாறிவிட்டன என்பது புரியும்.

2005-இல் செபாஸ்தியன் லோப். அல்சாஸ் பகுதிக்காரர், இளமையில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றவர். உடலைச் சமநிலையில் வைக்கும் அந்தப் பயிற்சி அவர் வண்டியிலும் தெரியும். ஸ்டீயரிங்கைத் தேவைக்கு மேல் ஒரு டிகிரி திருப்பமாட்டார். அந்த ஆண்டு கோர்சிகாவின் பன்னிரண்டு ஸ்டேஜ்களிலும் அவரே முதல். உலகச் சுற்று ஒன்றில் எல்லா ஸ்டேஜையும் ஒருவரே வென்றது அதுவரை நடக்காதது. 2008 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றார்.

2008-க்குப் பிறகு கோர்சிகா உலக நாட்காட்டியிலிருந்து விழுந்தது. பிரான்சின் சுற்று அல்சாஸுக்குப் போனது. கோர்சிகா சிறிய தொடர்களில் உயிரோடு இருந்தது. 2011-இல் அங்கே வென்ற இளைஞர் பெல்ஜியத்தின் தியெரி நெவில். 2015-இல் உலகச் சாம்பியன்ஷிப் திரும்பி வந்தது. 2018-இல் ஒரே ஸ்டேஜ் 55 கிலோமீட்டர் நீளம். அந்தத் தூரம் முழுக்க டயர் தாங்க வேண்டும், பிரேக் தாங்க வேண்டும், ஓட்டுபவரின் கவனம் தாங்க வேண்டும். 2019-இல் கடைசி ஸ்டேஜ் தொடங்கும்வரை எல்ஃபின் எவான்ஸ் சில விநாடிகளில் முன்னிலை. அந்தக் கடைசி ஸ்டேஜில் டயர் பஞ்சர். வெற்றி நெவில் கைக்குப் போனது. மறு ஆண்டு நாட்காட்டியில் கோர்சிகா மீண்டும் இல்லை.

தார் ராலி அதனால் நின்றுவிடவில்லை. குரோஷியா, ஜப்பான், மத்திய ஐரோப்பா என்று புதிய மலைகளுக்குப் போயிருக்கிறது. 2025-இல் அட்லாண்டிக்கில் உள்ள கனேரித் தீவுகளில் முதன்முறையாக உலகச் சுற்று நடந்தது; எரிமலைத் தீவு, தார், ஓயாத வளைவு. கல்லே ரோவன்பெரா வென்றார். கோர்சிகாவுக்கு நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்க சாலை அது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் கோர்சிகா இல்லாத நாட்காட்டியை என்னால் முழுமையானது என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. இன்றைய உலகச் சாம்பியன்ஷிப்புக்குச் சுருக்கமான ஏற்பாடு வேண்டும், ஒரே இடத்தில் பணிமனை வேண்டும், தொலைக்காட்சிக்கு ஏற்ற குட்டி ஸ்டேஜ் வேண்டும். கோர்சிகாவுக்குக் கப்பலேறிப் போக வேண்டும். அங்கே போனால் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருவரையும் பார்க்காமல் மலைக்குள் மறைந்துபோகும் வண்டிகளுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தச் செலவைச் செய்யலாம் என்றுதான் சொல்கிறேன். இன்றைய வண்டிகள் உண்மையிலேயே எப்படித் திரும்புகின்றன, எப்படி நிற்கின்றன என்று சோதித்துப் பார்க்க அந்தச் சாலைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.